விதைப்பொன்

கல்வராயன் மலையில் தங்கம் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நிலவியல் படித்தவள், அந்த மலையடிவாரத்தில் தங்கம் தேடிய முகாமில் வேலை பார்த்தவள் என்று தெரிந்தால் யாருக்கும் கேட்கத்தான் தோன்றும். இருக்கிறது, ஆனால் உங்கள் மூக்குத்திக்குக்கூடக் காணாது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அதற்குப் பிறகு அன்று முழுக்க எனக்கு மனசு எதிலும் ஒட்டாது.

எங்கள் வீடு தியாகதுருகத்தில். அப்பா பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வாசகம் வாசிப்பவர். பெண்பிள்ளை கல்லையும் மண்ணையும் படித்து என்ன செய்யப்போகிறது என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "அது படிக்குது, உங்களுக்கு இன்னா கஷ்டம்?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். படித்து முடித்ததும் கிடைத்தது தற்காலிக வேலை. மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் இரண்டு கூடாரம், ஓடு போட்ட ஒரு கொட்டகை, அடிக்கடி நின்றுபோகும் ஒரு ஜீப். காலையில் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வந்தால், அங்கிருந்து ஜீப்பில் கூட்டிப் போவார்கள். சாயங்காலம் அதே மாதிரி திரும்ப வேண்டும். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் முகாம் நீடிக்குமா, இழுத்து மூடிவிடுவார்களா என்று தெரியாது. மூடினால் எங்கள் வேலையும் அதோடு சரி.

அந்த மலையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. மலையின் உடம்பு முழுக்கக் கருநீலமாக இருக்கும் சார்னோகைட் பாறை. உடைத்துப் பார்த்தால் எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. அதன் ஊடே அங்கங்கே வெள்ளைப் படிகக்கல் ஓடும், சில இடங்களில் கையளவு, சில இடங்களில் நூலளவு. பூமியின் ஆழத்திலிருந்து சுடுநீர் பாறை வெடிப்புகளில் ஏறிவந்த காலத்தில் அந்தப் படிகத்தோடு துளித்துளியாகப் பொன்னும் சேர்ந்து உறைந்தது. பிறகு மனிதர்கள் யாரும் பார்க்காத எத்தனையோ மழைக்காலங்கள். பாறை உளுத்தது, படிகம் நொறுங்கியது, பொன் ஓடையில் இறங்கியது. பொன் கனமானது. ஓடை வேகமாகப் போகும் இடத்தில் அதுவும் போகும். வளைவிலும் பெரிய பாறைகளின் பின்னாலும் தண்ணீர் வேகம் குறைந்ததும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கூழாங்கல்லுக்கு அடியில், களிமண்ணுக்கு மேலே, கருமணலோடு கருமணலாகக் கிடக்கும்.

எங்கள் ஓடையில் அப்படி ஒரு வளைவு இருந்தது. அதற்குப் பொன்குழி என்று பெயர். கரைமேட்டில் பழைய சரளை மண்ணைத் தோண்டிய பள்ளங்கள், எல்லாம் காரைமுள் மூடிக் கிடந்தன. மலையை ஆண்ட ஜாகீர்தார்கள் காலத்தில் சில குடும்பங்கள் அங்கே மண் அரித்து, கிடைத்ததில் ஒரு பங்கை மேலே கொடுத்து, மீதியில் பிழைத்தார்கள் என்று பேச்சு. பிறகு ஒரு வெள்ளைக்காரன் வந்தானாம். நீளமாக ஒரு கால்வாய் வெட்டி, குறுக்குச் சட்டம் அடித்த மரத்தொட்டி வைத்து, ஓடையைத் திருப்பி மண்ணைக் கழுவிப் பார்த்தானாம். மலைக்காய்ச்சல் அவனை விரட்டிவிட்டது. ஒரு கல்கட்டும் கால்வாயின் தடமும்தான் நாங்கள் பார்த்த மிச்சம். அரித்துப் பிழைத்த குடும்பங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்விட்டன. இவ்வளவுதான் அந்தச் சுரங்கத்தின் சரித்திரம். சுரங்கம் என்று சொல்வதே கொஞ்சம் ஜாஸ்திதான்.

முகாமில் நில அளவைக்கும் வரைபடத்துக்கும் ஒருவர் இருந்தார், என்னைப் போலவே தற்காலிகம். களமருதூரில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம், வீட்டில் முதலில் காலேஜ் போனவர். ஆள் மெலிசு, பேச்சு கம்மி; ஆனால் வாயைத் திறந்தால் யாரையாவது கிண்டல் செய்யாமல் மூடமாட்டார். மற்றவர்கள் எதிரில் என்னை 'மேடம்' என்பார். அந்த மேடத்தில் இருக்கும் கேலி எனக்கு மட்டும்தான் கேட்கும். அவருடைய வரைபடங்களை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஓடையின் ஒரு சின்ன நெளிவைக்கூட நேராக்கமாட்டார். மை காயும்வரை பக்கத்தில் யாரையும் மூச்சுவிட விடமாட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்று தெரிவதற்கு முன்னால் அந்தக் கோடுகளைப் பிடித்துவிட்டது.

அவருக்கும் அப்படித்தான். நாங்கள் சினிமாக் காதலர்கள் மாதிரி எதுவும் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் சரளைக் குழியின் ஓரத்தில் சங்கிலியால் அளந்துகொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"இன்னும் ஒரு சீசன் ஓடட்டும். வேலை நெலைச்சிடுச்சின்னா எங்க வூட்ல நான் பேசிடுவேன். உங்க அப்பாவ நீதான் பாத்துக்கணும்."

"எங்க அப்பாவ பாத்துக்கலாம். உங்க அம்மாவ நெனைச்சாத்தான் பயமா இருக்குது."

"எங்க அம்மா புள்ளைக்கு நெலையான வேலை இருந்தா மதத்தக்கூட மன்னிச்சிடும்" என்றார். சிரித்தேன். ஆனால் அது கேலி இல்லை. இரண்டு வீட்டிலும் சாதி, மதம் என்று எழும் சத்தத்தை ஒரு நிரந்தர வேலையால் மட்டும்தான் அடக்க முடியும். அது இல்லாமல் போய் நின்றால் வாசற்படியைக்கூடத் தாண்ட முடியாது.

அதனால் அந்த ஓடையில் பொன் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது தேசத்துக்காக அல்ல. முகாம் நீடிக்க வேண்டும், எங்கள் பெயர் நிரந்தரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இருந்தது போலவும் தெரிந்தது. ஓடை நெடுக எடுத்த மண்ணில் பேருக்குத்தான் ஏதோ தட்டியது. பொன்குழி வளைவில் மட்டும் ஒவ்வொரு முறையும் நல்ல அளவு வந்தது. முகாம் அதிகாரி, சேலத்துக்காரர், எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர், பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். இப்படியே போனால் அடுத்த பருவம் எந்திரம் வைத்து ஆழத்துளை போட்டுப் பார்க்கலாம், உங்கள் இரண்டு பேருக்கும் நானே சிபாரிசு எழுதுகிறேன் என்றார்.

நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். குழி வெட்டி மண் எடுத்து, மரத்தட்டில் போட்டு ஓடைத் தண்ணீரில் சுழற்றி அரிப்போம். லேசானதெல்லாம் போய் அடியில் கருமணல் நிற்கும். அதில் பாதரசம் ஊற்றிப் பிசைந்தால் இருக்கும் பொன்னையெல்லாம் அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த உருண்டை சேலத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கிருந்து ஓர் எண் திரும்பி வரும். பொன்னைத் தேடிய நாங்கள் யாரும் அந்த வளைவின் பொன்னைக் கண்ணால் பார்த்ததில்லை. எண்ணைப் பார்த்தோம், மகிழ்ந்தோம்.

ஆடி முடிந்து ஆவணியும் போனபின் பாதரசம் தீர்ந்தது. வாங்கிவரச் சேலம் போன அதிகாரி அங்கேயே மாட்டிக்கொண்டார். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள், பாலங்களை உடைத்திருந்தார்கள். பஸ் இல்லை. காலையில் வேலைக்கு வந்த நான் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியவில்லை. முகாமில் சமைத்த அம்மா பக்கத்துக் குடியிருப்பில் இருந்தார். "எங்க வூட்ல படுத்துக்கோ பாப்பா, உங்க அப்பாவுக்கு எப்படியாவது சேதி போவும்" என்று கூட்டிப் போனார். ஜீப் டிரைவர் சைக்கிளில் குறுக்கு வழியாகத் தியாகதுருகம் போய் வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்.

சாலை திறக்கும்வரை அங்கேயே இருந்தேன். வரைபடக்காரரும் ஊருக்குப் போகாமல் முகாம் கூடாரத்தில் தங்கியிருந்தார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த நாட்களில் வெளியே போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். டிரான்சிஸ்டரில் செய்தி வரும் நேரத்துக்கெல்லாம் அவர் முகம் இறுகிவிடும். அவருடைய தம்பி மறியலில் நின்றிருந்தான். ஊரிலிருந்து தகவல் எதுவும் இல்லை.

"நானும் அங்க நிக்கவேண்டியவன்தான்" என்றார் ஒருமுறை. "எனக்கும் சேத்துதான் அவன் நிக்கிறான். நான் இங்க உன்கூட உக்காந்து மண்ணு அரிச்சிக்கினு இருக்கேன்."

"போணும்னா போங்க."

"போவலாம். போனா நீ யாருகிட்ட சண்டை போடுவ?"

போகவில்லை. செய்தி முடிந்ததும் ஓடைக்கு வருவோம். அதிகாரி இல்லை, வேலையாட்களில் பாதிப் பேர் இல்லை. நான் மரத்தட்டைச் சுழற்றுவேன், அவர் பாறைமேல் பலகையை வைத்து வரைவார். தண்ணீர் கணுக்காலில் சில்லென்று ஓடும். மலைமேல் மேகம் இறங்கும், ஏறும். சமையல் அம்மா களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பார்த்தும் பார்க்காதது போலப் போய்விடுவார். இப்படியே ஒரு வாழ்க்கை இருக்க முடியும் என்று நான் நம்பியது அப்போதுதான்.

பாதரசம் இல்லாததால் கருமணலைக் காயவைத்து, காந்தத்தால் இரும்பை இழுத்துவிட்டு, மிஞ்சியதைக் கைலென்ஸில் பார்க்கலாம் என்று தோன்றியது. பொழுது போக வேண்டுமே. முதலில் ஓடையின் மேல்பகுதி மண். மாவு போல ஓரிரண்டு துகள்கள், தட்டையாக நசுங்கி, ஓரம் மழுங்கி. ஒன்றில் படிகத் துணுக்கு ஒட்டியிருந்தது. மலையிலிருந்து உருண்டுவந்த பொன் அப்படித்தான் இருக்கும். புத்தகத்தில் படித்ததை நேரில் பார்த்த ஆனந்தத்தில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பொன்குழி வளைவின் மண்ணை எடுத்தேன்.

நிறைய இருந்தது. நிறம் கொஞ்சம் சிவப்பு. சில துகள்கள் சுருண்டிருந்தன, அரத்தால் ராவிய பொடி போல. சில முத்து மாதிரி உருண்டை. ஓடையில் உருளும் பொன் நசுங்கும், அப்படி உருண்டையாகாது. உருகி ஆறிய பொன்தான் அப்படி ஆகும். லென்ஸை நகர்த்தினேன். மணலின் நடுவில், கடுகைவிடச் சின்னதாக, ஒரு சங்கிலிக் கண்ணி கிடந்தது.

"இன்னா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று அவர் எழுந்து வந்தார். லென்ஸைக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

"ஓடை சங்கிலி செய்யக் கத்துக்கினு இருக்குது போல" என்றார். அவருக்கே சிரிப்பு வரவில்லை.

சமையல் அம்மாவைக் கேட்டோம். "அது அரிக்கிறவங்க போடறதாச்சே" என்றார் சாதாரணமாக. ஆடிப்பெருக்கு அன்று கள்ளக்குறிச்சியிலிருந்து சிலர் வந்து வளைவில் விளக்கு ஏற்றிக் கும்பிட்டு ஏதோ கொட்டிவிட்டுப் போவார்களாம். எங்கள் முகாமுக்கு அன்று விடுமுறை. தங்கம் தேடுகிற எங்களிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீங்க கேக்கலியே" என்றார். அதுவும் வாஸ்தவம்தான்.

சாலை திறந்து, தம்பி பத்திரமாக இருக்கிறான் என்று அவருக்கு ஊரிலிருந்து சேதி வந்ததும் இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் போனோம். வழி முழுக்க வெட்டிய மரங்களை ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். சமையல் அம்மா சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடினால், நகைப் பட்டறைகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி, எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர், சாக்கடை மண்ணை வழித்து வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக் குப்பையையும் வாசல் மண்ணையும் அரித்து, சிந்திய பொடியை எடுத்துப் பத்தர்களிடமே விற்பது அவர்கள் பிழைப்பு. பொன்குழியில் என்ன கொட்டுகிறீர்கள் என்று கேட்டதும் தயங்காமல் சொன்னார்.

"விதைங்க. எங்க ஆளுங்க அந்த ஓடையிலதான் தலைமுறை தலைமுறையா எடுத்துத் தின்னாங்க. ஒன்னும் போடாம எடுத்துக்கினே இருந்ததால வத்திப்போச்சின்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அதான் வருஷா வருஷம் அரிச்சதுல ஒரு தேங்கா மூடி கருமணல, பொடியோட, ஆடியில கொண்டுபோயி விதைக்கிறோம்." அப்புறம் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, மொளைச்சிருக்குதா?"

ஆண்டுக் கணக்காக விதைத்துவிட்டு ஒருமுறைகூட அங்கே அரித்துப் பார்க்காதவர்களின் கேள்வி அது. ஓடையின் மேல்பகுதியில் கொஞ்சம் இருக்கிறது என்றேன். அது உண்மைதான். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது, முகம் மலர்ந்துவிட்டது.

திரும்பும் வழியில் முகாம் தெரியும் தூரத்தில் அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்கி நடக்கலாம் என்றார்.

"லேப் நம்பர் சேலத்துல இருக்குது. யாரும் லென்ஸ் வச்சிப் பாக்கப்போறதில்ல. துளை போடறப்ப தானா தெரிஞ்சிடும். அதுக்குள்ள ஒரு சீசன் ஓடிடும்" என்றார்.

எனக்கும் அதே எண்ணம் வழியெல்லாம் ஓடியது. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "வளைவ ஒரு நூலு நேராக்கச் சொன்னா சண்டைக்கு வருவீங்க. இல்லாத தங்கத்த மேப்ல போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முன்னால் நடந்தார். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

மறுநாள் அதிகாரி வந்துவிட்டார். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே கொட்டகைக்குள் நுழைந்தால், வரைபடக்காரர் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார். மேஜைமேல் புது வரைபடம், மை முழுக்கக் காயவில்லை. பொன்குழி வளைவில் பொன்னைக் குறிக்க முன்பு நிறைந்திருந்த மஞ்சள் கோடுகள் எதுவும் இல்லை. ஓடை மட்டும் இருந்தது, ஒரு நெளிவு குறையாமல்.

"மேடம் விவரம் சொல்லுவாங்க சார்" என்றார்.

சொன்னேன். அதிகாரி லென்ஸில் பார்த்தார், தலையில் கைவைத்து உட்கார்ந்தார், பிறகு எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். மனசில் என்ன ஓடியதோ, அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினார். பருவம் முடிவதற்குள் முகாமைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. கூடாரங்களை மடித்தோம், குழிகளை மூடினோம். ஜீப்பில் ஏறும்போது, வேலை ஒன்று கிடைக்கட்டும், கட்டாயம் உன் வீட்டுக்கு வருவேன் என்று வரைபடக்காரர் என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். அவரும் நம்பித்தான் சொன்னார்.

வேலை கிடைத்தது. போராட்டத்தால் ஒதுக்கீடு வந்து, அதில் அவருக்கு நில அளவைத் துறையில் நிரந்தரப் பணி வந்தது. அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான், அவருடைய அப்பா படுத்த படுக்கையாகி, கண்மூடுவதற்குள் பார்க்க வேண்டும் என்று மாமன் மகளைக் கட்டிவைத்துவிட்டார்கள். ஆள் மூலம் செய்தி அனுப்பினார். நான் அவரைக் கோபிக்கவில்லை. நம்ப முடியாவிட்டாலும் அதுதான் உண்மை. எனக்கும் பிறகு வேலை அமைந்தது, கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர், அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கேயாவது ஓடையில் கால் வைத்தால், தண்ணீர் கணுக்காலைத் தொட்டால், திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. பாறைமேல் பலகையை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்று இந்த வயதிலும் தோன்றுகிறது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு, அப்பாவின் நிலத்துப் பட்டா விஷயமாக ஒருநாள் போயிருந்தேன். பஸ் நிலையத்தில் யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கேலி மாறவே இல்லை. தலை முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, இன்னும் மெலிந்து நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் மருந்துப் பை, சிரித்த முகம்.

"இவங்கதான்" என்றார் மனைவியிடம். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓடையில தங்கம் இல்லன்னு சொன்னவங்க நீங்கதானா? எங்க வூட்ல இவரு அந்தக் கதையச் சொல்லாத வருஷமே இல்லீங்க. பசங்களுக்கெல்லாம் மனப்பாடம்." பிறகு வெள்ளை மனசோடு, எனக்காக வருத்தப்பட்டுச் சொன்னார். "ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் எனக்குத் தோணும்ங்க. பாவம், தேடுனவங்க எவ்ளோ ஆசையாத் தேடியிருப்பாங்க. நெஜமாவே அங்க தங்கம் இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு."

அவர் மனைவியின் கையிலிருந்த மருந்துப் பையை வாங்கிக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாங்க, நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றேன்.